தொண்டர் கடையை முடக்கக் காலத்தில் எப்படிக் கொண்டுபோவது?

"கொரோனா முடக்கத்தில் தொண்டர்கள் நடத்தும் நியாய வர்த்தகக் கடைகள் எப்படித் தாக்குப்பிடித்தன? இன்னொரு முறை வந்தால் என்ன செய்வது? வட்ஸ்அப்பில் விற்றாலே போதுமே, கடைக்கு எதற்கு வாடகை?" இதுதான் கேள்வி. முதல் இரண்டுக்கும் நிதானமாகப் பதில் சொல்லலாம். மூன்றாவது, ஒரு நாளாவது கல்லாவில் இருந்திராத ஆட்கள் வழக்கமாகக் கேட்பது. அதற்கும் வருகிறேன்.

நீங்கள் மட்டக்களப்பு டவுனிலோ கல்முனைப் பக்கமோ ஓர் அறைக் கடை வைத்திருக்கிறீர்கள், சம்பளம் வாங்காத பத்துப் பன்னிரண்டு பேர் முறைவைத்து வந்து இருக்கிறார்கள், பன்பாய் (பன் என்ற புல்லில் பின்னும் பாய்), பனையோலைப் பெட்டி, மருதமுனைக் கைத்தறி, அரிசிமா, தேன், மிளகாய்த்தூள் என்று மாதர் சங்கங்களின் சாமானை, செய்தவர்களுக்கு நியாயமான விலை கொடுத்து, விற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கொழும்பில் ஏசி போட்ட கடை என்றால் இது பொருந்தாது.

இப்படியான கடை கவிழ்வது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: விற்பனை குறைந்த மாதத்தில், செய்தவர்களுக்குப் போகவேண்டிய காசை எடுத்து வாடகை கட்டுகிற இடத்தில். உதாரணத்துக்கு ஒரு பெட்டிக்குச் செய்தவரின் விலை 600 ரூபாய், விற்பது 780 என்று வையுங்கள். கடைக்கு 180, அதாவது விற்பனையில் 23 வீதம். வாடகை 15,000, கரண்ட் 2,500, போன் ரீலோட் 1,500, பை, நூல், தேத்தண்ணி 1,000. மாதச் செலவு 20,000. இதை எடுக்க ஏறக்குறைய 87,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். முடக்கத்தில் விற்பனை 30,000 ஆகிவிட்டால் கடையின் பங்கு 6,900 சொச்சம், செய்தவர்களின் பங்கு 23,000 சொச்சம். செலவு முழுவதையும் கட்டினால் 13,000 ரூபாய் அவர்களுடைய பங்கிலிருந்து போகும். கல்லாவில் காசு கிடப்பதால் யாருக்கும் உறைக்காது. மூன்று மாதத்தில் 39,000 ரூபாய் கடன். கடன்காரர் யார் என்றால், பன் வெட்டிக் காயவைத்துப் பின்னுகிற பெண்கள். அவர்கள் வந்து சண்டை போடவும் மாட்டார்கள். அடுத்த முறை சாமான் தரமாட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் காசை முதல் நாளிலிருந்தே பிரித்து வைக்க வேண்டும். இதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. விலைச்சீட்டை நடுவில் கிழிக்கக்கூடிய அட்டையாக வெட்டுங்கள். மேல் பாதியில் விற்பனை விலை. கீழ்ப் பாதியில் செய்தவரின் இலக்கமும் அவருக்குரிய தொகையும். விற்றதும் கீழ்ப் பாதி ஒரு டப்பாவுக்குள் போகும். மாலையில் டப்பாவிலுள்ள சீட்டுகளைக் கூட்டி, அந்தத் தொகையை வேறு வங்கிக் கணக்கில் போட வேண்டும். அந்தக் கணக்கில் காசு எடுக்க இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று செய்பவர்களின் பிரதிநிதி ஒருவருடையது. "பெட்டி விற்கிற கடைக்கு இவ்வளவு சட்டமா" என்று உங்கள் குழுவிலேயே ஒருவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

காசு கொடுக்கிற வரிசை: முதலில் செய்தவர்கள், பிறகு கரண்டும் போனும், கடைசியில் வாடகை. கடைச் சொந்தக்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் கோபிப்பார்கள். அவர்களிடம் உங்கள் முற்பணம் இருக்கிறது. முடக்க மாத வாடகையில் பாதியை அதிலே கழிக்கச் சொல்லிக் கேட்கலாம், எழுத்தில் வாங்கிக்கொண்டு. நிறையப் பேர் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் முடக்கத்தில் வேறு ஆள் கடைக்கு வரமாட்டான். இதைத் தவிர, மூன்று மாதச் செலவை (மேலே சொன்ன கணக்கில் 60,000) கையிருப்பாக வைத்திருக்கப் பாருங்கள்.

"விற்ற பிறகு காசு" என்ற ஏற்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக நியாய வர்த்தக அமைப்பின் பத்துக் கோட்பாடுகளில், கைவினைப் பொருளுக்கு, செய்தவர் கேட்டால், குறைந்தது 50 வீதம் வட்டியில்லாமல் முற்பணமாகக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. முதல் இல்லாத தொண்டர் கடையால் அது எல்லா நேரமும் முடியாது, குற்றம் சொல்லவில்லை. ஆனால் கடை மூடிய காலத்தில் விற்ற பிறகு காசு என்றால் நட்டம் முழுவதும் செய்தவரின் தலையில். சாமான் கைக்கு வந்ததும் பாதி, விற்றதும் மீதி, 90 நாளில் விற்காவிட்டால் மீதியைக் கடை கொடுக்கும் என்று எழுதிக்கொள்வது நடுவழி. ஓடர் கொடுக்கும்போதும் கெட்டிக்காரி ஒருத்திக்கு நூறு என்று கொடுக்காமல் எல்லாருக்கும் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்குப் போன் வழியாக, ஈசி கேஷில் அனுப்பலாம். அனுப்பும் கட்டணம் கடையின் செலவு, அவர்கள் பங்கில் கழிக்கக் கூடாது.

இனி முடக்கம் எப்படி வந்தது என்பதை நினைவில் வையுங்கள். 2020 மார்ச் 20 மாலை தொடங்கிய ஊரடங்கு ஜூன் கடைசியில்தான் முழுதாக எடுபட்டது. ஒக்டோபரில் இரண்டாம் அலை. நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுப் பக்கம், ஆண்டு முடிவில் காத்தான்குடி என்று ஊர் ஊராகத் தனிமைப்படுத்தினார்கள். 2021 மே 21 முதல் ஜூன் 21 வரை பயணத்தடை, ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடி ஊரடங்கு. துண்டு துண்டாக வந்தது, அதுவும் ஒரு துண்டு சரியாக மாரியில். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பின்னுகிறார்கள், கிழக்கே எழுவான்கரையில் விற்கிறீர்கள் என்றால் நடுவில் பாலமோ பாதையோ மறிபட்டதும் சாமான் அந்தப் பக்கமே கிடக்கும். ஆகவே ஒவ்வொரு சங்கத்திலும் சாமானைச் சேர்த்து வைக்க மழை ஒழுகாத ஓர் அறையும், எழுதி வைக்க ஒரு கொப்பியும், பொறுப்புக்கு ஓர் ஆளும் முன்னமே இருக்க வேண்டும். நெல், பால், மீன் ஏற்றுகிற வாகனங்களுக்கு ஊரடங்கில் ஓடப் பாஸ் கிடைத்தது. டவுனுக்கு வரும் அந்த வாகனத்தில் இரண்டு மூட்டை ஏற்றிவிடப் பேசி வைத்திருந்தால் போதும்.

தொண்டர்கள் விடயத்தில் எல்லாரும் செய்கிற பிழை, ஒரே முறைப்பட்டியலை ஆளை மட்டும் குறைத்து அப்படியே வைத்திருப்பது. இரண்டு குழுவாகப் பிரியுங்கள், சாவியும் இரண்டு, ஒருவர் மற்றக் குழுவில் நுழையக் கூடாது. ஒரு குழுவை அப்போது போல 14 நாள் தனிமைப்படுத்தினால் மற்றது திறக்கும். அடையாள அட்டையின் கடைசி இலக்கப்படி வெளியே வரச் சொன்ன காலம் இருந்ததே, திங்கள் 1, 2, செவ்வாய் 3, 4, புதன் 5, 6, வியாழன் 7, 8, வெள்ளி 9, 0 என்று? பழைய அட்டையென்றால் கடைசி எழுத்துக்கு முந்திய இலக்கம். எல்லாருடைய இலக்கத்தையும் முன்னமே ஒரு தாளில் எழுதி வைத்திருந்த கடைகள் அன்றே முறை போட்டன. அறுபது தாண்டியவர்களைக் கல்லாவில் இருத்தாதீர்கள், ஆனால் வீட்டில் சும்மாவும் விடாதீர்கள். சங்கங்களுக்கு வாரம் ஒரு முறை போன் எடுப்பது, சீட்டு எழுதுவது, கணக்குக் கூட்டுவது அவர்கள் வேலை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கணக்கு எழுதினால் யாரும் வாய் திறக்க முடியாது. ரீலோட் காசை அவர்களுக்குத் தவறாமல் கொடுங்கள். தொண்டு என்றால் கைக்காசும் போட வேண்டும் என்று நினைக்கிற குழுக்களில் நாலாம் மாதம் ஆள் இருக்காது. பெரும்போக வெட்டுக் காலத்தில் வயல்காரர் வரமாட்டார்கள் என்பதையும் பட்டியல் போடும்போது கணக்கில் எடுங்கள்.

பூட்டிய கடைக்குள் சாமான் கெடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாடகையை விட இது மோசம். மாரியில் இரண்டு வாரம் காற்றில்லாமல் கிடந்தால் பனையோலையும் பன்னும் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீனில் கட்டி வைத்தால் இன்னும் விரைவாக, ஏனென்றால் ஓலையிலிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. பழைய பருத்திச் சீலையிலோ பத்திரிகைத் தாளிலோ சுற்றி, நிலத்திலிருந்து அரை அடி உயரப் பலகையில், சுவரில் முட்டாமல் வையுங்கள். பத்து நாளுக்கு ஒரு முறை ஒருவர் போய் யன்னலைத் திறந்து, எல்லாவற்றையும் பிரித்துக் காற்றாட விட வேண்டும். அனுமதி கேட்கும்போது இந்த வேலையைச் சொல்லிக் கேளுங்கள். பூஞ்சணம் தொடங்கியிருந்தால் காய்ந்த தூரிகையால் வெளியே வைத்துத் தட்டி, வினாகிரியும் தண்ணீரும் சமபங்காகக் கலந்து பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வைத்து, கடைசியில் இளவெயிலில் ஒரு மணித்தியாலம். உச்சி வெயிலில் வைத்தால் சாயம் வெளிறும், ஓலை வெடிக்கும். பாயைச் சுருட்டி வையுங்கள், மடித்தால் மடிப்பில் முறியும்.

தொற்றுநீக்கலும் சாமானைக் கெடுக்கும். சானிடைசர் காயாத கையால் சாயமிட்ட ஓலையைத் தொட்டால் சாயம் கையில் ஏறும், பெட்டியில் விரல் அடையாளம் விழும். வாசலில் தண்ணீரும் சவர்க்காரமும், பக்கத்தில் துடைக்கத் தாள், அதுவே நல்லது. மேசைக்கும் கதவுப்பிடிக்கும் 5 வீதக் குளோரின் திரவத்தில் 20 மில்லிலீற்றரைத் தண்ணீர் சேர்த்து ஒரு லீற்றராக்கினால் போதும். அதைத் தெளிகருவியில் போட்டுக் கைத்தறிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், துளி விழுந்த இடமெல்லாம் வெளுத்துவிடும். அரிசிமாவும் தூளும் வண்டு பிடிக்கும், கஜு சிக்கு வாடை வரும். உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, அதிகபட்ச விலை இல்லாத பொதியை நுகர்வோர் அதிகார சபைக்காரர் பிடித்தால் தண்டம். பழையது முன்னால், புதியது பின்னால். முடிய ஒரு மாதம் இருக்கும்போதே விலையைக் குறைத்துத் தள்ளுங்கள், குறைப்பு கடையின் பங்கிலிருந்து.

வட்ஸ்அப் பகுதிக்கு வருகிறேன். விற்கலாம், விற்க வேண்டும். ஆனால் கைவினையில் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. அந்தந்தப் பொருளையே, கதவோரப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுநாடா வைத்துப் படம் எடுத்து, இலக்கம் போட வேண்டும். ஓடர் எடுப்பது ஒரே நம்பரில் ஒரே ஆள். இரண்டு பேர் எடுத்தால் ஒரே சாரனை இரண்டு பேருக்கு விற்பீர்கள். ஆறடிப் பாயை வெளியூருக்கு அனுப்பினால் கூலியே வாங்குகிறவரை ஓட வைக்கும். பாய் டவுனுக்குள், சின்னச் சாமான் தபாலுக்கு என்று பிரியுங்கள். ஊரடங்கில் உணவுக்குத்தான் பாஸ் கிடைத்தது, கூடைக்கு இல்லை. அரிசிமாவும் தேனும் தூளும் பனையோலைப் பெட்டிக்குள் வைத்து ஒரே பொதியாக்கினால் பெட்டியும் விற்கும். உலர் உணவுப் பொதி கொடுக்கிற கோயில், பள்ளிவாசல், பழைய மாணவர் சங்கங்களிடம் அரிசியையும் தூளையும் உங்கள் சங்கங்களிலிருந்து எடுக்கக் கேளுங்கள். தூளுக்கு விலை பேசும்போது மட்டும் கவனம்: மஞ்சள் இறக்குமதி நின்ற 2020இல் விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும், ஒரு மாதத்துக்கு மேல் ஒரே விலைக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். இதெல்லாம் வந்து சேர, சரிபார்க்க, கட்ட, ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குத்தான் வாடகை.

முடக்கத்தில் உங்கள் சங்கங்கள் மாஸ்க் தைக்கப் போனால்: துணியை வெட்டுமுன் கழுவிச் சுருங்க விடுங்கள். 90 சென்ரிமீற்றர் அகலத் துணி ஒரு மீற்றரில் 20க்கு 16 அளவுத் துண்டு 25 வரும். துணி இரண்டு படை, நடுவில் நெய்யாத பொலிப்புரொப்பிலீன் படை ஒன்று என்றால் 12 மாஸ்க். இலாஸ்டிக் ஒன்றுக்கு 36 சென்ரிமீற்றர், கடையில் முதலில் முடிவது அதுதான். துணியின் கரைப்பட்டியை வெட்டி நாடாவாக்கலாம். ஐதான கைத்தறி வேண்டாம், வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணறை தெரிகிற துணி உதவாது.

கேள்விக்கு வெளியே ஒன்று. சுனாமிக்குப் பிறகும் 2009இல் போர் முடிந்த பிறகும் இங்கே கொடுத்த தையல் மெஷின்களுக்குக் கணக்கில்லை. மாலை போட்டு, படம் எடுத்து, அறிக்கை எழுதிப் போனார்கள். மாஸ்க்குக்கு ஆளும் துணியும் இருந்தபோது பாதி மெஷினில் பெல்ட் இல்லை, பொபின் கேஸ் இல்லை, மூன்று படை துணிக்கு வேண்டிய 14ஆம் நம்பர் ஊசி இல்லை. மெஷின் வாங்கக் காசு தருகிறவர்கள் ஊசி வாங்கத் தரமாட்டார்கள், ஊசி படத்தில் தெரியாது. இதைச் சொன்னால் நன்றி இல்லாதவர்கள் என்பார்கள்.

கடைசியாக, மூடுவது. ஆறு மாதம் தொடர்ந்து கடையின் 23 வீதம் செலவில் பாதியைக்கூட எடுக்கவில்லை, கையிருப்பும் முடிகிறது என்றால், இன்னொரு மாதம் பார்ப்போம் என்று இழுக்காதீர்கள். முதலில் கீழ்ப் பாதிச் சீட்டுகளின் கணக்கைத் தீருங்கள். 90 நாள் தாண்டியதற்கு மீதிக் காசு. தாண்டாத சாமானைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கொடுத்த பாதியைத் திருப்பிக் கேட்க வேண்டாம். பிறகு கரண்ட் பில். பிறகு சொந்தக்காரருடன் முற்பணக் கணக்கு. இறாக்கையும் மேசையும் விற்ற காசு மிஞ்சினால், அதைச் சேர்த்துவைக்கும் அறை வைத்திருக்கிற சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, போன் நம்பரை மட்டும் உயிரோடு வைத்திருங்கள். ஓடர் அதற்குத்தான் வரும்.