மலைச்சரிவில் மர டெக் அடிக்கச் சதுர அடிக்கு என்ன விலை சொல்லலாம்?

கேள்வி கேட்ட தம்பி பண்டாரவளைப் பக்கம் இப்போதுதான் தனியாக வேலை எடுக்கத் தொடங்கியிருக்கிறாராம். எல்லவில் ஒரு விடுதிக்காரர் 20 அடிக்கு 12 அடியில் மர டெக் (வெளியே உட்காரப் பலகை அடித்த திறந்த தளம்) கேட்டாராம், சதுர அடிக்கு எவ்வளவு சொல்லலாம் என்கிறார். நானும் ஹட்டனில் ஆரம்பித்து, இந்த மலையில் 16 வருடமாக மர வேலை எடுத்துச் செய்கிறேன். தம்பி, ஃபோனில் சதுர அடி விலை மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதலில் போய்ச் சரிவைப் பாருங்கள்.

கொழும்பில் சமதரையில் அடிக்கிற டெக்குக்குச் சதுர அடிக் கணக்கு ஓரளவு சரிவரும். நம் பக்கம் காசு முழுக்கக் கீழே, டெக்கைத் தாங்கும் கால்களில் போகிறது. 2 அங்குலத்துக்கு 6 அங்குலச் சட்டம், 12 அடி நீளம் என்றால் சரியாக ஒரு கன அடி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மரக்காலையில் நின்றபடியே கணக்குப் போடலாம். 16 அங்குலத்துக்கு ஒன்று என்று 20 அடிக்கு 16 சட்டம், அது 16 கன அடி. மேலே ஓரங்குலப் பலகை 20 கன அடி. 4க்கு 6 உத்தரம் மூன்று வரிசை, 10 கன அடி. ஆக 46. கழிவுக்குப் பத்திலொரு பங்கு போட்டால் ஐம்பதைத் தாண்டும். இதுவரை எல்லா இடத்துக்கும் ஒரே கணக்குத்தான்.

இனிக் காலுக்கு வாருங்கள். 6க்கு 6 அங்குலத் தூண் 4 அடிக்கு ஒரு கன அடி. முன்வரிசையில் நாலு கால், ஒவ்வொன்றும் 2 அடி என்றால் மொத்தமே 2 கன அடிதான். அதே நாலு கால் 14 அடி இறங்கினால் 14 கன அடி! மரம் மட்டுமா? குறுக்கே சாய்சட்டம் வேண்டும், சாரம் கட்ட வேண்டும், கொங்கிரீட் குழி ஆழமாகப் போக வேண்டும், பள்ளத்தில் நின்று வேலை செய்பவன் கையும் மெதுவாகத்தான் ஓடும். சதுர அடி என்னவோ அதே 240தான்.

அப்புறம் சுமை. ஒருமுறை லொறி வரும் என்று நம்பி விலை கொடுத்துவிட்டேன். அது மேல் றோட்டிலேயே நின்றுவிட்டது. கீழே 180 படி. சீமெந்தும் மணலும் மரமும் தோளில் இறக்க நாலு பேருக்கு இரண்டு நாள், காலில் அட்டைக்கடி வேறு. அந்த எட்டு ஆள் கூலியும் என் பையிலிருந்து போனது. இப்போதெல்லாம் பார்க்கப் போனால் முதலில் படியைத்தான் எண்ணுகிறேன்.

மழையையும் நாளாக எழுதுங்கள். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை, உங்கள் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஈர மரத்தில் எண்ணெய் ஏறாது, ஆள் சும்மா உட்கார்ந்திருப்பான், தேத்தண்ணி மட்டும் ஓடும். மரத்திலும் ஒரு விஷயம்: கிராண்டிஸ் (யூக்கலிப்டஸ் வகை மரம்) மலிவு என்று பச்சையாக வாங்காதீர்கள். முனை வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். திரும்பப் போய்ப் பலகை மாற்றும் செலவுக்கு, காய்ந்த மரத்தை முதலிலேயே கூட விலைக்கு வாங்கிவிடலாம்.

விலைக்கு ஒரு கெடு போடுங்கள். 2022 பெப்ரவரியில் நான் விலை எழுதிக் கொடுத்த வேலை ஏப்ரலில்தான் தொடங்கியது. 200 ரூபாயளவில் நின்ற டொலர் அதற்குள் 300ஐத் தாண்டிப் போய்விட்டது. ஆணி, இஸ்க்ரூ, சீமெந்து, மர எண்ணெய் எதையும் பழைய விலைக்குத் தொட முடியவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று என்று முடித்துக் கொடுத்தேன், கடன் மிஞ்சியது. இப்போது என் தாளில் ‘14 நாளுக்கு மட்டும்’ என்றிருக்கும். முற்பணம் கைக்கு வந்த அன்றே மரம் வாங்கிவிடுவேன். மண்சரிவு அபாயமுள்ள இடமென்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் அனுமதி எடுப்பது இடத்துக்காரர் பொறுப்பு என்றும் ஒரு வரி எழுதுவேன்.

இலாபத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 100 ரூபாய் செலவுக்கு 20 சேர்த்து 120 கேட்டால் கையில் நிற்பது 20 வீதம் இல்லை, பதினாறே முக்கால் கிட்டத்தான். 20 வேண்டுமென்றால் செலவை 0.8ஆல் வகுக்க வேண்டும், 125 வரும். அந்தச் செலவுக்குள் உங்கள் சொந்த நாள்கூலியும் இருக்கட்டும். நான் முதல் ஐந்து வருடம் அதை எழுதவே இல்லை. வீட்டில் கேட்டபோதுதான் உறைத்தது.

சரி, எல்ல இடத்துக்குப் போகும்போது நூலும் ரசமட்டமும் கொண்டுபோங்கள். வீட்டுப் பக்கத்திலிருந்து 12 அடிக்கு நூலை மட்டமாகப் பிடித்து, நுனியிலிருந்து தரைக்கு எத்தனை அடி என்று அளந்து இங்கே போடுங்கள். படி எத்தனை என்றும் சொல்லுங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.