வாசகர் கேள்வி பதில்: பழகாத ஊழியமும் பயமும்

கேள்வி: ரங்கூனில் எங்கள் சபையில் பல வருடமாகத் தமிழில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு இப்போது தமிழ் வாசிக்க வரவில்லை, இனி பர்மியத்தில் நடத்துங்கள் என்கிறார் போதகர். கடைத்தெருவுக்குப் போதுமான பர்மியம் எனக்குத் தெரியும். வேதத்தை அதில் சொல்ல நினைத்தாலே நா எழவில்லை. மறுத்தால் அவிசுவாசமா?
(வாசகி, தாம்வே)

பதில்: அவிசுவாசம் என்று சொல்லமாட்டோம். ஆனால் நாக்கைக் காரணம் காட்டுவதை மோசே முன்பே செய்து பார்த்துவிட்டார் (யாத்திராகமம் 4). கர்த்தர் கோபப்பட்டார், கோபத்தோடேயே ஆரோனையும் துணைக்குக் கொடுத்தார். உங்கள் ஆரோன் பர்மியப் பள்ளியில் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பிள்ளையாக இருக்கலாம்.

திங்கட்கிழமையே பாடத்தைத் தமிழில் பத்து வாக்கியத்துக்குள் எழுதிவிடுங்கள். அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, வீட்டில் தம்பி தங்கையிடம் பேசுகிற பர்மியத்தில் அதைச் சொல்லவைத்துப் போனில் பதிவு செய்யுங்கள். சமைக்கும்போது கேளுங்கள். சனிக்கிழமை நின்றுகொண்டு, தாளைப் பார்க்காமல், உரக்க மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். உட்கார்ந்து மனதுக்குள் படித்தது வகுப்பில் வாய்க்கு வராது. கதை எட்டு நிமிடம், மனப்பாட வசனம் ஐந்து நிமிடம், மீதி படமும் பாட்டும். முதல் மாதம் அதற்கு மேல் வேண்டாம்.

பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பர்மியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து வாசிக்காதீர்கள். ‘சா’ என்று நாம் எழுதுவதைத் தாழ்த்திச் சொன்னால் எழுத்து, உயர்த்தி இழுத்தால் சாப்பிடு, குறுக்கி வெட்டினால் தொடங்கு. தாளில் மூன்றும் ஒன்றுதான். பிள்ளைகள் சிரிப்பது அதற்குத்தான். காதால் படியுங்கள். கூடவே 33 மெய்யெழுத்துகளையும் ஒரு நாளைக்கு மூன்றாகப் பழகினால் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

மிஷனரி ஜட்சன் செய்த பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பின் நடை பழைய ஏட்டு நடை. ஆராதனையில் கேட்கும் வசனத்தை அதிலிருந்தே மனப்பாடம் செய்யட்டும். கதையை மட்டும் அதிலிருந்து வாசிக்கவேண்டாம். ஏட்டில் ‘தீ’ என்று முடிகிற வாக்கியம் பேச்சில் ‘தே’ என்று முடியும். நம் வேதாகமத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் உள்ள தூரத்தைவிட இது குறைவில்லை. தவறு கண்டுபிடிக்கிற வேலையைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டால் சிரிப்பு இரண்டே வாரத்தில் அடங்கும். ஒரு தமிழ்ப் பாட்டையாவது விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கமிட்டி கேட்காது, நீங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும்.

கேள்வி: பெகு பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த எங்கள் வாலிபர் குழு போகிறது. அப்பா வேண்டாம் என்கிறார். குழுத் தலைவரோ, “கர்த்தர் பார்த்துக்கொள்வார், கேள்வி கேட்காதே” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
(வாசகர், தங்கன்ஜுன்)

பதில்: தம்பி, கேள்வி கேட்காதே என்பது விசுவாசத்தின் பேச்சே அல்ல. எஸ்றா ராஜாவிடம் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு, அகாவா ஆற்றங்கரையில் உபவாசம் கூறிப் புறப்பட்டார். நெகேமியா ராஜா அனுப்பிய சேர்வைக்காரரோடும் குதிரைவீரரோடும் வந்தார். இரண்டு பேரும் கர்த்தரை நம்பியவர்கள்தான். காவல் வேண்டாம் என்ற எஸ்றாகூட 650 தாலந்து வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். எருசலேமில் அது மறுபடியும் நிறுக்கப்பட்டது (எஸ்றா 8). உங்கள் தலைவர் எதை நிறுத்துப் பார்த்தார் என்று கேளுங்கள்.

இன்றைய நிலையில் முதல் காரியம் இரவு விருந்தாளிப் பதிவு. நீங்கள் தங்கும் வீட்டார், இருட்டுவதற்கு முன் உங்கள் மட்போன்டின் (அடையாள அட்டை) விவரத்தோடு கிராம நிர்வாகியிடம் சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் மாட்டிக்கொள்வது உங்களுக்குச் சோறு போட்ட குடும்பம். நீங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருக்கவேண்டும். ஆகவே போவதற்கு முன்பே கிராமத்துப் பெரியவரிடம் நேரில் சம்மதம் வாங்குங்கள். பகலில் மட்டும் பயணம். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை. அப்போது மண்பாதையை நம்பித் தேதி குறிக்கவேண்டாம்.

தண்ணீர் கொதிக்கவைத்ததாக இருக்கட்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தட்டையாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள். கூடினால் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. கலக்கியதை ஒரு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. கொசுவலை மலேரியாக் கொசுவுக்கு, அது இரவில் கடிக்கும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையும் வேண்டும். எந்த வகுப்பிலும் பெரியவர் இரண்டு பேர் இருக்கவேண்டும், ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு தனியே இருக்கக்கூடாது.

எந்தச் செய்தி வந்தால் திரும்புவது என்பதை இங்கேயே எழுதி முடிவு செய்துவிடுங்கள். வழியில் கூடிப் பேசினால் வாலிபரில் ஒருவரும் திரும்பலாம் என்று வாய் திறக்கமாட்டார். இத்தனையையும் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுங்கள். பாதையைப் பற்றி அவருக்கு ஏதாவது தகவல் தெரிந்து அதனால் மறுக்கிறார் என்றால், கேளுங்கள். பித்தினியாவுக்குப் போகப் பிரயத்தனம் பண்ணின பவுலையும் ஆவியானவர் தடுத்தார் (அப்போஸ்தலர் 16:7).

கேள்வி: பர்மியர் குடியிருப்பில் ஒரு வருடமாக இலவச மாலை வகுப்பு நடத்துகிறோம். ஒருவரும் சபைக்கு வரவில்லை. அழைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டோமா?
(வாசகர், மோல்மேன்)

பதில்: ஜட்சன் ரங்கூனில் இறங்கியது 1813 ஜூலை. முதல் பர்மியராகிய மௌங் நௌ ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூன். அந்த ஆறு வருடத்தைப் பிரசங்கங்களில் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அதே 1819-இல் அவர் வழியோரம் ஊர் வழக்கப்படி ஒரு ஜயாத் (வழிப்போக்கர் தங்கும் சாவடி) கட்டி, போவோர் வருவோரோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினார் என்பதைச் சொல்லமாட்டார்கள். முறையை மாற்றிப் பார்ப்பது அவநம்பிக்கை அல்ல.

அதற்கு முன் இதை யோசியுங்கள்: ஒருவருமே சபைக்கு வரமாட்டார்கள் என்று தெரிந்தாலும் இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பீர்களா? மாட்டோம் என்றால் வகுப்பு தூண்டில் ஆகிவிடுகிறது, பெற்றோருக்கு அது சீக்கிரமே தெரிந்துவிடும். கொடுப்போம் என்றால், பள்ளி ஆண்டு முடிகிற நாளைத் தவணையாக வைத்து, அன்று மூப்பர்களோடு உட்கார்ந்து தொடர்வதா என்று பேசுங்கள். அதுவரை வாராவாரம் பலனை எண்ணவேண்டாம்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்காக ஜெபிக்கச் சொல்கிறார்கள். வார்டுக்குள் நுழைந்தாலே நெஞ்சு படபடக்கிறது.
(வாசகி, சிரியம்)

பதில்: தனியாகப் போகாதீர்கள். மீதியானியர் பாளயத்துக்கு இறங்கப் பயமென்றால் வேலைக்காரன் பூராவைக் கூட்டிக்கொண்டு போ என்று கிதியோனுக்குக் கர்த்தரே சொன்னார் (நியாயாதிபதிகள் 7:10). பழகிய ஒருவர் பேசட்டும், முதல் சில தடவை நீங்கள் கூட நின்றால் போதும். கையைக் கழுவிவிட்டு நுழையுங்கள், கட்டிலில் உட்காரவேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவேண்டாம். ஜெபிக்கலாமா என்று நோயாளியிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் நலம் விசாரித்துவிட்டு வந்துவிடலாம். சரி என்றால் 23-ஆம் சங்கீதம், ஆறே வசனம். பிறகு பேரைச் சொல்லி இரண்டு வாக்கியம். குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பக்கத்துக் கட்டிலில் பௌத்தக் குடும்பம் இருக்கும், அவர்களுக்கும் தூக்கம் வேண்டும். ஆகவே நோயாளிக்கு மட்டும் கேட்கிற குரல் போதும்.