வின்ராருக்குக் காசு கட்டலாமா?

கேள்வி: கல்முனையில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாணப் படங்களைச் சுருக்கிக் கொடுக்க வின்ரார் (WinRAR) என்ற மென்பொருளைப் பாவிக்கிறேன். 40 நாள் முடிந்துவிட்டது, காசு கட்டு என்று திறக்கும்போதெல்லாம் கேட்கிறது. காசு கட்டினால் படங்கள் இன்னும் சிறிதாகுமா? தெரிந்த பொடியன் ஒருவன், காசு கட்டாமலே பூட்டை உடைக்கும் ‘கிராக்’ போட்டுத் தருகிறேன் என்கிறான்.

பதில்: ஒரு சொட்டும் சிறிதாகாது. ஜேபெக் படத்தைக் கமரா எடுக்கும்போதே சுருக்கித்தான் எழுதுகிறது. வீடியோவும் அப்படியே. மூன்றாம் பாலும் எடுத்த தேங்காய்ப்பூவை இன்னொருமுறை பிழிகிறீர்கள், அவ்வளவுதான். இப்போதைய வேர்ட், எக்செல் கோப்புகளும் உள்ளே ஏற்கெனவே சுருக்கிய சிப் (zip) பொதிதான்.

உங்களுக்கு வேண்டியது சுருக்கம் இல்லை, அறுநூறு படங்களை ஒரே பொதியாகக் கட்டுவது. அதை விண்டோஸே காசில்லாமல் செய்யும். போதாதென்றால் இகோர் பாவ்லோவ் எழுதிய செவன்-சிப் (7-Zip) என்ற மென்பொருள் இருக்கிறது. 1999 முதல் இலவசம், கடைக்காரரும் தாராளமாகப் பாவிக்கலாம். வின்ராரின் சொந்த வகையான ரார் கோப்பைத் திறக்கும், உருவாக்காது. உங்கள் வாடிக்கையாளர் ரார்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாரா என்ன?

வின்ராரில் காசு பெறுமதியான ஒன்று உண்டு. கோப்பின் ஒரு பகுதி பழுதானாலும் சரிசெய்யக்கூடிய மீட்புத் தரவை உள்ளேயே வைக்கலாம். அது வேண்டுமென்றால் வாங்குங்கள். வேண்டாமென்றால் வின்ராரையே கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். 40 நாளுக்குப் பிறகும் ஓடுகிறது என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. மாதிரிப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு காசு தராமல் போகிறவரை நீங்கள் என்ன சொல்லி ஏசுவீர்கள்?

கிராக் பொடியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கிராக்கோடு சேர்ந்து என்ன வருகிறது என்று அவனுக்கே தெரியாது. காசு கட்டி வாங்கினாலும் வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. 2023இல் அதில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிவந்தது. 6.23ஆம் பதிப்பில் அடைத்தார்கள். பழையதையே வைத்திருக்கும் கணினிகளில் அந்த ஓட்டை இன்றும் திறந்தே கிடக்கிறது. உங்களுடையது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்.

கையில் காசு இருந்தால் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, எல்லாப் படத்தையும் இன்னொரு பிரதி எடுத்து, கடற்கரையிலிருந்து தள்ளியுள்ள சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். 2004 மார்கழிச் சுனாமியில் ஓர் அல்பம்கூட மிஞ்சாத வீடுகள் உங்கள் ஊரில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.