நாக்கில் கரையாத 'எம்.டி.' மாத்திரை: ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். அம்மாவுக்கு வாந்திக்குத் தரும் ஒண்டான்செட்ரான் எம்.டி. (வாயிலேயே கரையும் வகை) மாத்திரை, மூன்று நிமிடம் ஆனாலும் நாக்கில் கட்டியாகவே கிடக்கிறது. இரண்டு மாத்திரை கொடுத்தால் லேப் ரிப்போர்ட் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மாத்திரை உடையும் நேரத்தைப் பார்க்க முதலிலேயே ஆறு மாத்திரை வேண்டும். அடியில் கம்பிவலை வைத்த ஆறு கண்ணாடிக் குழாய்களில் குழாய்க்கு ஒன்றாகப் போட்டு, 37 டிகிரித் தண்ணீரில் நிமிடத்துக்குச் சுமார் 30 தடவை ஏற்றி இறக்குவார்கள். ஒன்றிரண்டு தவறினால் இன்னும் 12 போட்டு, மொத்தம் 18-ல் 16 தேறியாக வேண்டும். இரண்டே மாத்திரையில் வருகிற ரிப்போர்ட்டுக்கு லெட்டர்பேடு மட்டும்தான் செலவு.

இந்த வகை மாத்திரை உடைய அமெரிக்காவின் 2008 வழிகாட்டி சொல்வது சுமார் 30 நொடி. ஐரோப்பாவில் 3 நிமிடம் வரை விடுகிறார்கள். இரண்டுமே பீக்கர் நிறையத் தண்ணீரில் எடுத்த கணக்கு. வாயில் இருக்கும் எச்சிலோ ஒரு மில்லி அளவுதான். வாந்தியெடுத்து ஓய்ந்தவர்கள், அலர்ஜி மாத்திரையோ தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலினோ சாப்பிடுகிறவர்கள், வாயைத் திறந்தபடி தூங்குகிறவர்கள் எல்லோருக்கும் அதுவும் இருக்காது. காய்ந்த நாக்கில் எவ்வளவு நல்ல மாத்திரையும் கட்டியாகத்தான் கிடக்கும். அம்மாவுக்கு வாய் வறட்சி உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ஒரு மடக்கு வெதுவெதுப்பான நீரில் வாயை நனைத்துவிட்டு மாத்திரையை வையுங்கள். பாதிப் புகார் இதோடு தீர்ந்துவிடும்.

அடுத்த சந்தேகம் ஈரம். எச்சிலை உறிஞ்சி உப்பி உடைவதற்காகவே இதில் கிராஸ்போவிடோன் போன்ற பொருள் சேர்க்கிறார்கள். மலை மழையில் அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டி வைத்தால், அது காற்றின் ஈரத்தையே குடித்து முன்கூட்டியே உப்பிவிடும். பிறகு வாயில் வேகம் இருக்காது. போடும் நேரத்தில் மட்டும் பிரியுங்கள். அட்டையில் 'டி.டி.' என்றிருந்தால் அது ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது, வேறு வகை.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. டிஷ்யூ பேப்பரை இரண்டு மடிப்பாகச் சாசரில் வைத்து, ஒரு டீஸ்பூனுக்குச் சற்று மேல் தண்ணீர் விட்டு, மேலே மாத்திரையை வையுங்கள். உச்சிவரை நனைய எத்தனை நொடி என்று எண்ணுங்கள். குளிர்காலக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். பழையது ஒன்று, அதே பேட்ச்சில் புதிதாகப் பிரித்தது ஒன்று. புதியது மட்டும் சட்டென நனைந்தால் குற்றம் உங்கள் டப்பாவில்.

இரண்டும் மந்தமா? மருந்து, அழகுசாதனச் சட்டம் 1940-ன் 26-ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே படிவம் 14ஏ நிரப்பி, கட்டணம் கட்டி, அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனை கேட்கலாம். நடுவில் ஆள் தேவையில்லை. இந்த உரிமையை எந்த மருந்துக்கடையிலாவது எழுதி ஒட்டியிருக்கிறார்களா? ஒட்டியிருந்தால் ஏஜென்ட்டுக்குப் பிழைப்பு ஏது! அரை நிமிடச் சோதனைக்கு மலையிறங்கித் தாள் நிரப்ப வேண்டியிருப்பது வேறு எரிச்சல். பிரிக்காத அட்டைகளும் பேட்ச் எண் உள்ள பில்லும் கையில் இருக்கட்டும். 'பில் போட்டால் ஜி.எஸ்.டி. கூடும்' என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அட்டையில் அச்சிட்ட விலையிலேயே வரி அடக்கம்.