சட்டமும் நாமும்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, வெவ்வேறு சட்டங்களைப் பற்றியவை என்றாலும், என் சொந்த வாழ்க்கையில் அரசு எதுவரை நுழையலாம் என்ற ஒரே கேள்வியைக் கேட்கின்றன. அவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: கள்ளச்சாராயச் சாவுகளுக்கு ஆயுள் தண்டனை என்று சட்டத்தைத் திருத்திய அரசே டாஸ்மாக் கடையையும் நடத்துகிறது. குடிப்பதும் குடிக்காததும் ஒருவரின் சொந்த விருப்பம் இல்லையா?
- வாசகர், அரூர்

பதில்: சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது உங்கள் மண்ணில்தான். 1937 அக்டோபர் 1 அன்று அது தொடங்கிய சேலம் மாவட்டத்துக்குள்தான் அப்போது தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் இருந்தன. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே அதைச் செய்தார். சாராய வருவாய் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியையும் கொண்டுவந்தார். குடியை நிறுத்துகிற அரசு அந்தப் பணத்தை வேறு வழியில் தேடிக்கொள்ள வேண்டும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். 1971இல் மதுவிலக்கு விலக்கப்பட்டு, பின்னர் திரும்பி வந்து, 1981இல் மறுபடியும் போய், 2003இல் சில்லறை விற்பனையையே அரசு தன் கையில் எடுத்துக்கொண்டபோது, அந்தப் பொறுப்புணர்வு முற்றிலும் கைவிடப்பட்டது என்பதே என் வருத்தம்.

ஆயினும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு வந்த திருத்தத்தை நான் ஆதரிக்கிறேன், ஏனெனில் ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய் அபராதமும் உயிரைக் குடிக்கும் சரக்கைக் காய்ச்சி விற்றவரைத்தான் குறிவைக்கின்றன. குடித்தவரையே சிறையில் தள்ளுவது வேறு கதை. 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்த பீகார் அதைச் செய்து பார்த்தது. நீதிமன்றங்கள் ஜாமீன் மனுக்களால் நிரம்பிய பிறகு, முதன்முறை பிடிபடுபவரை அபராதத்துடன் விட்டுவிடலாம் என்று 2022இல் சட்டத்தைத் திருத்திக்கொண்டது.

வழக்கறிஞராக நான் கண்டதையும் சொல்ல வேண்டும். குடித்துவிட்டுத் தன்னை அடித்த கணவனை வெளியே கொண்டுவர, அந்த மனைவியே தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டியதை ஒரு முறையல்ல, பல முறை பார்த்திருக்கிறேன். குடி அவன் விருப்பம் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அவன் கொண்டுவராத கூலி அவள் விருப்பமாக இருந்ததில்லை. ஆகவே அடித்ததற்கு அவனைத் தண்டியுங்கள், ஊர் நடுவே இருக்கும் கடையை மூடுங்கள், மறுவாழ்வு மையத்தை வட்ட மருத்துவமனை வரை கொண்டுவாருங்கள் என்பேன். குடித்த ஒரே காரணத்துக்காகச் சிறை என்றால், அந்தத் தண்டனையில் பாதியை அவள்தான் அனுபவிக்கிறாள்.

கேள்வி: என் அண்ணன் மகளுக்குப் பதினாறு வயது. தாய்மாமனுக்கே கட்டிக்கொடுக்கப் பேசி முடித்துவிட்டார்கள், பிள்ளையும் சரி என்கிறாள். யாராவது தகவல் கொடுத்தால் அதிகாரிகள் வந்து நிறுத்திவிடுவார்களாம். எங்கள் வீட்டு விஷயத்தில் அரசுக்கு என்ன வேலை?
- வாசகி, பாலக்கோடு

பதில்: சகோதரி, இதில் அரசுக்கு வேலை உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் இத்தகைய திருமணங்கள் இன்னும் நடக்கின்றன என்பதால், இங்கே கூடுதலாகவே உண்டு. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. மீறினால் மணந்துகொள்ளும் வயது வந்த ஆணுக்கும், நடத்தி வைப்பவர்களுக்கும், நடக்க விட்ட பெற்றோருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நடக்க விட்டவர் பெண்ணாக இருந்தால் சிறை கிடையாது, அபராதம் உண்டு. அந்தப் பிள்ளையை இந்தச் சட்டம் தண்டிப்பதே இல்லை. மணம் நடந்துவிட்டாலும், அது செல்லாது என்று அறிவிக்கக் கோரும் உரிமை அவளுக்குப் பதினெட்டு வயது நிறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகும் வரை உண்டு.

"சரி என்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தையும் பாட்டியும் சுற்றி உட்கார்ந்து கேட்கும்போது, பள்ளியை விட்டால் போக வேறு இடமில்லாத பதினாறு வயதுப் பெண் வேறு என்ன சொல்வாள்? அவளால் துணிந்து மறுக்க முடியாது என்பதால்தான் அவளுக்காகச் சட்டம் மறுக்கிறது. இதை வீட்டு விஷயம் என்று நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நீங்களே 1098க்குத் தகவல் கொடுங்கள், அல்லது மாவட்டச் சமூக நல அலுவலரைப் பாருங்கள். அண்ணன் சில காலம் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கக்கூடும், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தலைக்கவசம் போடவில்லை என்று 1000 ரூபாய் அபராதம் வாங்கினார்கள். என் தலை, என் உயிர்; இவர்களுக்கு என்ன?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: நீங்கள் ஓட்டுவது பொதுச் சாலையில். அபராதத்தைக் கட்டிவிட்டு, தலைக்கவசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் டேராடூனில் வேலை பார்க்கிறாள். அங்கே மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டுமாம். பெற்றவளாகிய எனக்கு இது நல்லதாகவே படுகிறது. தமிழ்நாட்டிலும் வந்தால் என்ன?
- வாசகி, ஓசூர்

பதில்: அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் இந்தச் சட்டம் இங்கே வரக்கூடாது என்றே நினைக்கிறேன். 2025 ஜனவரியில் உத்தராகண்டில் நடைமுறைக்கு வந்த பொதுச் சிவில் சட்டம், சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் மூன்று மாதச் சிறை வரை விதிக்கிறது. பதிவு விவரம் காவல் நிலையத்துக்குப் போகும். இருவரில் ஒருவர் 21 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்கும் போகும்.

2012 நவம்பரில் தர்மபுரி அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் என்ன நடந்தது என்பதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. சாதி கடந்து இருவர் மணந்துகொண்டதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான வீடுகள் எரிக்கப்பட்டன. வீட்டுக்குத் தெரியாமல் சேர்ந்து வாழும் இருவரின் பெயரும் முகவரியும் அலுவலகக் கோப்பில் இருக்குமானால், அது முதலில் யார் கைக்குப் போகும் என்று எண்ணிப் பாருங்கள். பால்ய விவாகத்தில் மறுக்க முடியாத ஒரு சிறுமி இருக்கிறாள். இங்கே இருப்பவர்கள் தாங்களாக முடிவெடுத்த இரண்டு பெரியவர்கள். வயது வந்த இருவர் மணந்துகொள்வதற்கே குடும்பத்தின் சம்மதமோ ஊரின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

ஏமாற்றிக் கைவிடப்படும் பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், அதற்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. திருமணம் போன்ற உறவில் வாழ்ந்த பெண்ணும் அதன்படி பாதுகாப்பும் பண உதவியும் கோரலாம், பதிவுச் சான்றை அது கேட்பதில்லை. டேராடூனில் இருக்கும் உங்கள் மகளுக்கும் அது பொருந்தும்.