டிக்கெட் காசும் மத்தி மீனும்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகன் இங்கிலாந்தில் ஒரு மிருகக்காட்சிசாலையில் வேலை செய்கிறான். பெங்குவின் பாதுகாப்புப் பணிக்காக அவனை இரண்டு வாரம் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்களாம். செலவில் பாதியை அவனே திரட்ட வேண்டுமென்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறான். எனக்கு இது புரியவில்லை. காலமெல்லாம் கூண்டு கழுவித் தீனி போடுகிறவர்களுக்கு இயற்கையில் வாழும் உயிர்களைப் பற்றி என்ன தெரியும்? அந்த டிக்கெட் காசில் உள்ளூர்க்காரர் ஒருவருக்குச் சில மாதச் சம்பளம் கொடுக்கலாமே? அடைத்து வைத்த பாவத்துக்குச் செய்யும் பரிகாரம் போலத்தான் தெரிகிறது. பணம் அனுப்பலாமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

டிக்கெட் கணக்கு நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன். ‘கூண்டு கழுவுகிறவர்களுக்கு என்ன தெரியும்’ என்ற கேள்விக்கு உங்கள் மருமகன் போகும் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது.

2000 ஜூன் 23 அன்று ‘ட்ரெஷர்’ என்ற இரும்புத்தாதுக் கப்பல் கேப் டவுனுக்கு அருகே மூழ்கியது. ஒரு பக்கம் ராபன் தீவு, மண்டேலா சிறையிருந்த அதே தீவு. இன்னொரு பக்கம் டாசன் தீவு. இரண்டுமே ஆப்பிரிக்கப் பெங்குவின்கள் பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் இடங்கள். கப்பலின் எரிஎண்ணெய் சுமார் 19,000 பறவைகள் மேல் படிந்தது. எண்ணெய் பட்ட இறகில் நீர் புகும், அந்தக் கடலோ கடுங்குளிர். பறவை கரையேறி அலகால் இறகைக் கோதும், கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். 1994இல் ‘அப்பல்லோ சீ’ கப்பல் மூழ்கியபோது பிடித்துவந்த ஏறத்தாழ 10,000 பெங்குவின்களில் பாதிதான் தேறின.

இம்முறை சான்காப் என்ற கடற்பறவை மீட்பு அமைப்பின் இடம் நிரம்பி வழிய, ரயில் பழுதுபார்க்கும் பெரிய கொட்டகை ஒன்றில் பறவைகளை வைத்தார்கள். ஆயிரக்கணக்கான கேப் டவுன்வாசிகள் உதவிக்கு ஓடி வந்தார்கள். பெரும்பாலோர் அதுவரை பெங்குவினைத் தொட்டதுகூடக் கிடையாது.

எண்ணெயைக் கழுவுவதைவிடப் பெரிய பாடு சோறூட்டுவது. கடலில் வாழும் பெங்குவினுக்குச் செத்த மீன் உணவென்றே தெரியாது. துள்ளி ஓடுவதுதான் அதற்கு மீன். ஆகவே உட்கார்ந்து, பறவையை முழங்கால்களுக்கிடையே இடுக்கி, தலையைப் பிடித்து, அலகை விரலால் பிளந்து மத்தி மீனை உள்ளே தள்ள வேண்டும். தலைப்பக்கம் முதலில் போக வேண்டும், வால் முதலில் போனால் செதிளும் துடுப்பும் தொண்டையைக் கீறும். இறுக்கினால் மூச்சு முட்டும். தளர்த்தினால் கொக்கி போன்ற அலகு கையைப் பதம் பார்க்கும். இதை ஆயிரக்கணக்கான பறவைகளுக்குத் தினமும் செய்ய வேண்டும்.

இந்தப் பழக்கம் யாருக்கு இருக்கும்? தொலைநோக்கியோடு கூடுகளை எண்ணும் ஆய்வாளருக்கு அவ்வளவாக இருக்காது. குளத்தங்கரையில் நின்று பல வருடம் கையால் மீன் கொடுத்தவருக்கு இருக்கும். பல நாடுகளின் உயிரியல் பூங்காக்களிலும் மீன் காட்சியகங்களிலும் இருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். தாங்கள் ஊட்டியதோடு நிற்காமல் உதவிக்கு வந்த ஊர்க்காரர்களுக்கும் பிடி சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணெய் பட்டவற்றில் பத்தில் ஒன்பது மறுபடி கடலுக்குப் போயின.

எண்ணெய் படாத இன்னொரு 19,500 பறவைகளையும் பிடித்து, லாரியில் ஏற்றி, கிழக்கே போர்ட் எலிசபெத் நகருக்கு அருகே கடலில் விட்டார்கள். ஏறக்குறைய 800 கிலோமீட்டர் நீந்தி அவை வீடு திரும்புவதற்குள் இங்கே கடல் ஓரளவு சுத்தமாகிவிடும் என்பது கணக்கு. பீட்டர், பெர்சி, பமீலா என்று மூன்று பெங்குவின்களுக்குக் கருவி பொருத்தி, அவை வரும் வழியை ஊரே வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. இது பூங்காக்காரர்களின் யோசனை என்று சொல்ல மாட்டேன். சொல்லாமல் விடவும் மனமில்லை.

உங்கள் சந்தேகத்திலும் உண்மை உண்டு. 1984இல் வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவினர் பூங்காக்களில் பிறந்த தங்கச் சிங்கக் குரங்குகளைப் பிரேசிலுக்குக் கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள் (நம் மலையின் சிங்கவால் குரங்கு வேறு, இது அணிலைவிடக் கொஞ்சம் பெரிய உருப்படி). அசையாத கம்பங்களில் ஏறிப் பழகியவை அவை. தாவினால் கிளை வளையும் என்பதே அவற்றுக்குப் புதுச் செய்தி. வழி தவறின, இரை தேடத் தெரியவில்லை, பல செத்தன. கொண்டுபோனவர்கள் தங்கள் கூண்டில் என்ன இல்லை என்பதை அங்கேதான் கண்டார்கள். பிறகு வாஷிங்டன் பூங்காவிலேயே மரங்களில் திரிய விட்டுப் பழக்கினார்கள், காட்டில் விட்ட பின்னும் நெடுநாள் தீனியோடு பின்தொடர்ந்தார்கள். காட்டிலேயே பிறந்த குட்டிகள் நன்றாகப் பிழைத்தன. 1970களில் சுமார் 200 இருந்த குரங்குகள் 2023 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 4,800. அந்த வேலையை இப்போது நடத்துவது பிரேசில்காரர்களின் சங்கம்.

இனி டிக்கெட். பறவை எண்ணுவது, செடி நடுவது, காமிரா கட்டுவது என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. உள்ளூர்க்காரர் இன்னும் நன்றாகச் செய்வார், காசை அவருக்கே அனுப்பலாம். அந்தப் பெங்குவின்களை இப்போது வாட்டுவதும் எண்ணெய் அல்ல, பசி. மத்தியும் நெத்திலியும் குறைந்துவிட்டன. 2024இல் அந்த இனம் அழிவின் விளிம்பில் இருப்பவற்றின் பட்டியலுக்குப் போனது. பெங்குவின் குடியிருப்புகளைச் சுற்றி வலைவீசத் தடை எல்லை கேட்டுச் சான்காப்பும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் ஆறு குடியிருப்புகளுக்கு உத்தரவு கிடைத்தது. அதற்கு வக்கீல்தான் வேண்டும், உங்கள் மருமகன் அல்ல.

ஆனால் ஒன்று. பெங்குவின் வருடத்துக்கொரு முறை மொத்த இறகையும் உதிர்க்கும். அந்த மூன்று வாரம் கடலில் இறங்க முடியாது, பட்டினிதான். பருவம் தப்பிப் பொரித்த குஞ்சுகளை அப்போது தாய் தகப்பன் கைவிட்டுவிடும். ஆண்டு முடிவில் அப்படி விடப்பட்ட குஞ்சுகளை எடுத்துவந்து கையால் ஊட்டி வளர்க்கிறார்கள். ஆள் போதாமல் திணறும் காலம் அது.

ஆகவே உங்கள் மருமகனிடம் எந்த மாதம் போகிறான் என்று மட்டும் கேளுங்கள். நவம்பர், டிசம்பர் என்றால் பணம் அனுப்பிவிடுங்கள்.