மலைப்பகுதி வருமானமும் சந்தையின் போக்கும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில், நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பகுதியிலிருந்தும் வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மாதச் சம்பளக்காரருக்குச் சொல்லும் முதலீட்டு யோசனை, தேயிலையையோ காப்பியையோ மலைக்காய்கறியையோ சுற்றுலாப் பயணிகளையோ நம்பி வாழும் குடும்பத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே சில பதில்கள் வழக்கத்தைவிட நீளமாக அமைந்துள்ளன.

கேள்வி: எனக்கு வயது 58. இரண்டு ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறேன். வங்கியில் போட்டிருந்த 6 லட்சம் ரூபாய் வைப்பு முதிர்ந்துவிட்டது. முன்பு கிடைத்த வட்டி இப்போது கிடைக்காது என்கிறார்கள். ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வட்டி கூடுதல். மருமகனோ பங்குச் சந்தை சார்ந்த பரஸ்பர நிதியில் முழுவதையும் போடச் சொல்கிறார். எது சரி? (வாசகர், கோத்தகிரி)

பதில்: வட்டி ஏன் குறைந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிக்கும் ரெப்போ வட்டி, 2025ஆம் ஆண்டில் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என நான்கு முறை குறைக்கப்பட்டு, 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதத்துக்கு வந்தது; அதையொட்டி வங்கிகளும் வைப்பு வட்டியைக் குறைத்தன. பணவீக்கம் தணிந்ததே இதற்கு இடமளித்தது. 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் வரை இறங்கியது. அதற்குப் பெரிய காரணம் உணவுப் பொருள்களின், குறிப்பாகக் காய்கறிகளின் விலைச் சரிவு. நகரத்தில் வாங்கி உண்பவருக்கு ஆறுதலாகத் தெரியும் இதே எண், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி அனுப்புகிறவருக்கு வருமானக் குறைவாகவே வந்து சேர்கிறது. நாட்டுக்கு நல்லது என்று செய்தித்தாள் சொல்வது தன் தோட்டத்துக்கும் நல்லதா என்று மலைப்பகுதி வாசகர்கள் ஒவ்வொரு முறையும் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூட்டுறவுச் சங்க வைப்பைப் பொறுத்தவரை ஒரு விவரம் பலருக்குத் தெரிவதில்லை. வங்கி வைப்புகளுக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில்தான் இது 1 லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்டது. வணிக வங்கிகளுக்கும், மத்தியக் கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். தொடக்கக் கடன் சங்கங்களுக்குப் பொருந்தாது. சங்கம் நன்றாக நடக்கலாம், நிர்வாகிகள் உங்களுக்குத் தெரிந்தவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் முதுமைக்கான பணத்தைக் காப்பீடு இல்லாத இடத்தில் வைப்பதற்கு அரை சதவீதமோ ஒரு சதவீதமோ கூடுதல் வட்டி போதிய ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து. வங்கியிலும்கூட 6 லட்சத்தை ஒரே வங்கியில் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்.

இனி மருமகனின் யோசனைக்கு வருகிறேன். உங்கள் இரண்டு ஏக்கரே ஏறி இறங்கும் ஒரு முதலீடுதான். தேயிலைத் தூள் விற்கும் விலையில் விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்ற பங்கீட்டுக் கணக்கின்படி, மாதந்தோறும் பச்சைத் தேயிலைக்கான குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. ஏலம் குன்னூரில் நடந்தாலும், கென்யாவின் விளைச்சலும் ரஷ்யாவின் கொள்முதலும் டாலர் மதிப்பும் அந்த விலைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து, அதன் பெரிய கொள்முதல் கை நழுவிய பிறகு, அந்தப் பத்தாண்டின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை வீழ்ந்தபோது நீலகிரியின் சிறு விவசாயிகள் பட்ட பாட்டை உங்கள் வயதினருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருமானம் இப்படி ஆடும்போது, கையிருப்பு முழுவதையும் ஆடுகிற இன்னோர் இடத்தில் வைப்பது கூடாது. மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000ஐத் தாண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 8,000க்கும் கீழே போனது. பழைய உச்சத்தைத் தெளிவாகக் கடப்பதற்குள் 2013 முடியும் தறுவாய் வந்துவிட்டது. 2020இலோ, மார்ச் மாதம் விழுந்த சந்தை அந்த ஆண்டுக்குள்ளேயே மீண்டுவிட்டது. எந்த வீழ்ச்சி எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

ஆகவே என் யோசனை இது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம், உறைபனியில் கொழுந்து குறையும் மாதங்களுக்கும் உரத்துக்கும் கூலிக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூன்று லட்சத்தை இரண்டாண்டு வங்கி வைப்பில் போடுங்கள். அது முதிரும்போது உங்களுக்கு 60 ஆகியிருக்கும்; மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரும் தகுதி வந்துவிடும். அதற்கான வட்டி 2023 ஏப்ரலிலிருந்து 2025 இறுதி வரை மாறாமல் 8.2 சதவீதமாகவே இருந்தது; சேரும் நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டுக்கும் மாறாது, காலாண்டுக்கொரு முறை கையில் வரும். மீதமுள்ள ஒன்றரை லட்சத்தை, ஏழெட்டு ஆண்டு தொடப்போவதில்லை என்ற உறுதியிருந்தால் மட்டும், குறைந்த கட்டணமுள்ள ஒரு குறியீட்டு நிதியில் (சென்செக்ஸ் போன்ற ஒரு குறியீட்டிலுள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும் பரஸ்பர நிதி) மாதம் கொஞ்சமாகப் பிரித்துப் போடலாம். மருமகன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை: தவணை முறையில் பரஸ்பர நிதிகளுக்கு வரும் பணம் 2024 அக்டோபரில் மாதம் 25,000 கோடி ரூபாயைக் கடந்தது, அயல்நாட்டு முதலீட்டாளர்கள் விற்கும்போது முன்னைப்போலச் சந்தை நிலைகுலையாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அது தாங்குமே தவிர, விலை விழாது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். இரண்டு ஆண்டுகளில் மகள் திருமணம். பதினைந்து பவுன் வாங்க வேண்டும். விலை ஏறிக்கொண்டே போகிறதே, இப்போதே வாங்கிவிடட்டுமா, இறங்கும் வரை காத்திருக்கட்டுமா? கைப்பேசியில் வாங்கும் டிஜிட்டல் தங்கம் பாதுகாப்பானதா? (வாசகி, குன்னூர்)

பதில்: உங்கள் தேவை தங்கமாகவே இருப்பதால், விலையைக் கணித்துக்கொண்டிருக்க வேண்டாம், அம்மா. விலை எங்கே போனாலும் பதினைந்து பவுன் வேண்டும். ஆகவே அதை இருபத்து நான்கு மாதங்களில் பரவலாக வாங்குவதே உங்களுக்கான பாதுகாப்பு.

இந்த ஏற்றத்துக்கு அடித்தளம் உண்டு. உக்ரைன் போரையொட்டி 2022இல் ரஷ்யாவின் அயல்நாட்டுக் கையிருப்பு முடக்கப்பட்ட பிறகு, பல நாடுகளின் மத்திய வங்கிகள் டாலரைச் சார்ந்திருப்பதைக் குறைக்கத் தொடங்கின. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவை ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. 2025 அக்டோபரில் ஓர் அவுன்ஸ் 4,000 டாலரைக் கடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் டாலருக்கு 90 ரூபாய் என்ற நிலையையும் ரூபாய் தாண்டியதால், இங்கே ஏற்றம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் தங்கம் ஏறியே தீரும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கு: 1980 ஜனவரியில் 850 டாலரைத் தொட்ட தங்கம், அந்த விலையை மறுபடி எட்ட 2008 ஜனவரி வரை ஆயிற்று. திருமணத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் ஆசைப்பட்டு வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இப்போதே நகையாக வாங்கி வைத்தால், செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் இன்றே கொடுத்துவிட்டு, மகளுக்குப் பிடிக்காத வடிவம் என்றால் மாற்றும்போது மறுபடியும் இழப்பீர்கள். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு இருந்தால், தங்கத்தின் விலையையொட்டி ஏறி இறங்கும், பங்குச் சந்தையில் வாங்கக்கூடிய தங்க இ.டி.எஃப். அலகுகளாக மாதந்தோறும் சேர்த்து, திருமணத்துக்குச் சில மாதங்கள் முன்பு விற்று நகை எடுக்கலாம். நகைக்கடைச் சீட்டில் சேர்வதானால், அந்தப் பணத்துக்கு வைப்புக் காப்பீடு கிடையாது என்பதை மனத்தில் வைத்து, சிறு தொகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டு வரம்புக்குள் வருவதில்லை என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளிப்படையாகவே எச்சரித்துவிட்டது, அதைத் தவிர்த்துவிடுங்கள். அரசின் தங்கப் பத்திரம் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடப்படவில்லை. 2015 நவம்பரில் கிராம் 2,684 ரூபாய்க்கு வந்த முதல் வெளியீடு, எட்டாண்டில் 6,132 ரூபாயாக முதிர்ந்தது. இத்தகைய பத்திரம் ஏதேனும் பழையது உங்களிடம் இருக்குமானால் முதிர்வு வரை விட்டுவையுங்கள்.

கேள்வி: காப்பி விலை நன்றாக இருந்ததில் கையில் பணம் சேர்ந்திருக்கிறது. பக்கத்துத் தோட்டம் நான்கு ஏக்கர் விற்பனைக்கு வருகிறது. கொஞ்சம் கடன் வாங்கினால் முடித்துவிடலாம். வாங்கலாமா? (வாசகர், பண்ணைக்காடு)

பதில்: கடன் வாங்கி வாங்க வேண்டாம் என்பதே என் பதில். உங்களுக்குக் கிடைத்த நல்ல விலை பழனி மலையில் உருவானதன்று. உலகில் மிகுதியாகக் காப்பி விளைவிக்கும் பிரேசிலில் 2021இல் உறைபனி, 2024இல் கடும் வறட்சி. இரண்டாமிடத்திலுள்ள வியட்நாமிலும் வறட்சி. இவை சேர்ந்துதான் நியூயார்க் சந்தையில் அராபிகா வகைக் காப்பியின் விலையை 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு எடைக்கு 4 டாலருக்கு மேல் கொண்டுபோயின. பிரேசில் காப்பிக்கு அமெரிக்கா அந்த ஆகஸ்டில் 50 சதவீத வரி போட்டதும், நவம்பரில் காப்பிக்கு விலக்களித்ததும் விலையை மேலும் குலுக்கின. இப்படி வந்த விலை, அங்கே இரண்டு பருவம் நல்ல மழை பெய்தால் வந்த வழியே திரும்பிவிடும். 1997இல் 3 டாலரைத் தொட்ட அராபிகா, வியட்நாமின் விளைச்சல் பெருகியதும், 2001இல் 50 சென்ட்டுக்கும் கீழே போனது. அந்த நான்கைந்து ஆண்டுகளில் தோட்டக் கடன் வாங்கியவர்கள் எப்படித் தவித்தார்கள் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

விலை உச்சத்தில் இருக்கும்போது நிலத்தின் விலையும் அதே கணக்கில்தான் சொல்லப்படும். இறக்கம் வரும்போது காப்பி, நிலம் இரண்டும் சேர்ந்தே இறங்கும். கடன் தவணை மட்டும் இறங்காது. அந்தப் பணத்தில் முதலில் பழைய கடன்களை, நகைக்கடன் உட்பட, அடைத்துவிடுங்கள். அடுத்து, வயதான செடிகளை மாற்றி நடுவதற்கும் நிழல் மரங்களில் மிளகு ஏற்றுவதற்கும் செலவிடுங்கள்; உங்களிடம் ஏற்கெனவே உள்ள நிலம் கூடுதலாகத் தரும். அதற்குப் பிறகும் மிஞ்சுவதை, காப்பியோடு சம்பந்தமில்லாத வைப்பு, தேசிய சேமிப்புப் பத்திரம், குறியீட்டு நிதி ஆகியவற்றில் வையுங்கள். கடனே இல்லாமல், இரண்டு ஆண்டு வீட்டுச் செலவும் தனியே இருந்து, அதன் பிறகும் அந்தத் தோட்டம் விற்காமல் கிடந்தால், அப்போது பேரம் பேசுங்கள்.

கேள்வி: ரிசர்வ் வங்கி வட்டி குறைத்தும் என் வீட்டுக்கடன் தவணை குறையவில்லையே? கடன் 2017இல் வாங்கியது. (வாசகர், கொடைக்கானல்)

பதில்: 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தந்த மாறும் வட்டி வீட்டுக்கடன்களே ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டாயமாக இணைக்கப்பட்டவை. உங்கள் கடன் வங்கியின் சொந்த நிதிச் செலவை வைத்துக் கணக்கிடும் பழைய முறையில் இருக்கக்கூடும். அதில் குறைப்பு மெதுவாகவும் அரைகுறையாகவும்தான் வரும். புதிய முறைக்கு மாற்றக் கோரி எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். சிறு கட்டணம் இருக்கலாம். ஏற்கெனவே மாறியிருந்தால், தவணைத் தொகை அப்படியே இருக்க மாதங்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும். கணக்கறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தவணையைக் குறைக்கச் சொல்லாமல் காலம் குறைய விடுவதே மொத்த வட்டியில் உங்களுக்கு லாபம்.

கேள்வி: கல்லூரி மாணவன். டெலிகிராம் குழு ஒன்றில் தினமும் ஆப்ஷன் வர்த்தகக் குறிப்புகள் தருகிறார்கள். மாதம் 10 சதவீதம் நிச்சயம் என்கிறார்கள். சேரலாமா? (வாசகர், உதகமண்டலம்)

பதில்: சேராதீர்கள், தம்பி. பங்குச் சந்தையின் எதிர்காலப் பேரம், ஆப்ஷன் வர்த்தகம் (பின்னாளில் ஒரு குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமையை வாங்கி விற்பது) ஆகியவற்றில் ஈடுபட்ட தனிநபர்களின் கணக்குகளைச் செபியே ஆராய்ந்தது: 2024–25 நிதியாண்டில் ஏறக்குறைய 91 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள், அவர்களது மொத்த இழப்பு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். எதிர்ப்பக்கத்தில் நிற்பவை, நொடியின் சிறு பகுதிக்குள் முடிவெடுக்கும் கணினிகளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள். மாதம் 10 சதவீதம் உண்மையாகவே கிடைக்குமானால், குறிப்புத் தருகிறவர் உங்கள் கட்டணத்துக்காகக் காத்திருக்க மாட்டார்.

நிச்சய லாபம் என்று சொல்வதே செபி விதிகளுக்குப் புறம்பானது. குறிப்புத் தருகிறவரின் செபி பதிவெண்ணைக் கேட்டு, அதைச் செபி இணையதளத்தில் சரிபாருங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு கூடுதல்.